மிஸ்ஸியிடம் கேளுங்கள்: பிடி உப்பும் படி உப்பும்

போன இதழில் புகைமூட்டத்தைப் பற்றி எழுதும்போது "டிஎன்ஏவைக் கெடுக்கும் துகள்கள்" என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை போட்டுவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதிப் பேர் ராத்திரி தூங்காமல் இதைத்தான் யோசிக்கிறார்கள் போலிருக்கிறது. புற்றுநோய் வருமா, குழந்தை பிறக்குமா? கேள்வி இரண்டுதான், வேஷம்தான் பல.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் டாக்டர் இல்லை. 1979 முதல் தாதி. பத்து வருஷம் புற்றுநோய் வார்டு, அப்புறம் ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையின் மருந்தகத்தில் 21 வருஷம். "மிஸ்ஸி" என்ற பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது.

அன்புள்ள மிஸ்ஸி அக்கா, நான் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் பைப் ஃபிட்டர். எங்கள் இடத்தில் ராத்திரி எக்ஸ்ரே ஷூட்டிங் நடக்கும். கல்யாணம் ஆகி மூன்று வருஷம், வருஷத்துக்கு ஒரு மாதம் ஊருக்குப் போய் வருகிறேன். குழந்தை இல்லை. அம்மா என் மனைவியைத் திருச்சிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார், எல்லாம் நார்மல். அந்தக் கதிர் பட்டு எனக்குத்தான் குறையா? கேன்சரும் வரும் என்று ரூமில் பயமுறுத்துகிறார்கள். தினமும் பத்து சிகரெட் பிடிப்பேன், மற்றபடி கெட்ட பழக்கம் இல்லை.
— பெயர் வேண்டாம், துவாஸ்

தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம். மூன்று வருஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் உங்கள் மனைவியும் ஒரே வீட்டில் இருந்தது மூன்று மாதம். ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால்தான் டாக்டர்கள் குழந்தையின்மை என்ற சொல்லையே எடுப்பார்கள். குறை யாருக்கு என்று தேடுவதற்கு முன்னால் இதை அம்மாவிடம் சொல்லுங்கள். அந்தப் பெண்ணைத் திருச்சிக்கு இழுத்ததுதான் எனக்கு ஆத்திரம். ஆணுக்கு விந்துப் பரிசோதனை ஒரு குப்பியோடு முடிகிற விஷயம். இருவரும் பார்க்க வேண்டும் என்றால் முதலில் அதை முடிப்பதுதான் சுலபம், செலவும் குறைவு.

இப்போது ஷூட்டிங். பட்டறையில் நான் பார்த்திருக்கிறேன். இரவு ஆள் குறைந்ததும் மஞ்சள் நாடா கட்டி, சிவப்பு விளக்கைச் சுழலவிட்டு, வெல்டிங்குக்குள் குறை இருக்கிறதா என்று படம் பிடிக்க, இணைப்பின் ஒரு பக்கம் ஃபில்மை ஒட்டுவார்கள். தூரத்தில் நின்றபடி கைப்பிடியைச் சுற்றினால் உளுந்து அளவு இரிடியம் துண்டு (எக்ஸ்ரே மாதிரியே ஊடுருவும் காமா கதிரை வீசும் உலோகம்) கேபிள் முனையில் வெளியே வரும். வேலை முடிந்ததும் அது திரும்பப் பெட்டிக்குள் போய்விடும். கதிர் பட்ட குழாயிலோ இரும்பிலோ எதுவும் ஒட்டிக்கொண்டிருக்காது. காலையில் அதே குழாயை நீங்கள் கட்டிப்பிடித்தாலும் ஒன்றுமில்லை. தூரம் இரு மடங்கானால் கதிரின் அளவு கால்வாசி ஆகிவிடும். நாடாவை அவ்வளவு தள்ளிக் கட்டுவது அதனால்தான்.

விதைப்பையில் 150 மில்லிசீவர்ட் (கதிரை அளக்கும் அலகு) அளவுக்கு ஒரே தடவையில் பட்டால் விந்தணு எண்ணிக்கை தற்காலிகமாகக் குறையும். நிரந்தரமாக நிற்க அதைப்போல இருபது மடங்குக்கு மேல் வேண்டும். பெர்மிட்டுக்காக நீங்கள் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகத்தில் ஒருவர் சராசரியாக வருஷத்துக்கு வாங்குவதே 2.4. நாடாவுக்கு வெளியே குழாய் மாட்டிக்கொண்டிருந்தவருக்கு 150க்கு வழியே இல்லை.

பயப்பட வேண்டியது வேறு. 1999இல் பெரு நாட்டில் யனாங்கோ என்ற இடத்தில் நீர்மின் நிலைய வேலையில் இருந்த ஒரு வெல்டர், கழன்று கீழே கிடந்த இரிடியம் துண்டை என்னவென்று தெரியாமல் எடுத்துப் பின் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சில மணிநேரம்தான். கடைசியில் வலது காலையே எடுக்க வேண்டியதாயிற்று. யார்டில் பளபளவென்று எது கிடந்தாலும் கை வைக்காதீர்கள், சேஃப்டி ஆபீசரைக் கூப்பிடுங்கள். சாப்பாட்டுக்குக் குறுக்கு வழி என்று நாடாவுக்கு அடியில் குனிந்து போகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். எங்கள் பட்டறையிலும் அப்படிப் போனவர்கள் உண்டு.

சரி, கதிர் உடம்பில் என்னதான் செய்கிறது? என் மாமியாரின் மாங்காய் ஊறுகாய்க் குறிப்பில் "ஒரு பிடி உப்பு" என்று இருந்தது. நகல் எடுத்தபோது நான் ஒரு கொக்கியை விட்டுவிட்டேன். "படி" ஆகிவிட்டது. என்னிடமிருந்து என் நாத்தனார், அவரிடமிருந்து அவர் மகள் என்று மூன்று வீட்டில் படி உப்பு. டிஎன்ஏ அப்படி ஒரு குறிப்பு. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சுமார் இரண்டு மீட்டர் நீளத்துக்குச் சுருட்டி வைத்திருக்கிறது. சிகரெட் புகை கொக்கியைத் தின்னும், வெயிலின் புற ஊதாக்கதிர் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஒட்டிவிடும், காமா கதிர் தாளையே கிழிக்கும். ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தாலும் ஒரு செல்லில் ஒரு நாளைக்குப் பத்தாயிரக்கணக்கில் சேதம் வரும். அதை ஒட்டுப்போட உள்ளேயே ஆள் இருக்கிறது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் லிண்டால், மாட்ரிச், சன்ஜார் மூவருக்கும் 2015இல் வேதியியல் நோபெல் கொடுத்தார்கள்.

ஒட்டுப்போட முடியாத செல் பெரும்பாலும் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். விந்தணு தயாரிக்கும் செல்கள் இப்படிச் செத்தால் எண்ணிக்கை குறையும். தப்பாக ஒட்டுப்போட்டு உயிரோடு இருக்கும் செல், தப்பான குறிப்பையே நகலெடுக்கும். அப்படிப் பல பிழைகள், பல வருஷத்தில், ஒரே செல்லின் வம்சத்தில் சேர்ந்தால் புற்றுநோய். ஒரே ஒரு கிழிசலால் வருவதில்லை. ரூமில் பயமுறுத்துகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

புற்றுநோய், குழந்தையின்மை இரண்டும் ஒரே பொருளால் வரலாம் என்பது உண்மைதான். டிபிசிபி என்று ஒரு புழுக்கொல்லி இருந்தது, அன்னாசித் தோட்டத்தில் எல்லாம் மண்ணுக்குள் விடுவார்கள். 1977இல் கலிபோர்னியாவில் லாத்ரோப் என்ற ஊரில் அதைக் கலந்த தொழிற்சாலை ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுதான், அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு யாருக்குமே குழந்தை பிறக்கவில்லை என்பது தெரியவந்தது. சோதித்தால் பலருக்கு விந்தணுவே இல்லை. அது எலியின் விதையைச் சுருக்குகிறது என்று 1961லேயே அச்சாகியிருந்தது, எலிக்குப் புற்றுநோய் தருகிறது என்றும் அதற்குள் தெரியும். பேச வெட்கப்பட்டிருந்தால் இன்னும் எத்தனை வருஷம் கலந்துகொண்டிருப்பார்களோ.

உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்தியது கடைசி வரி, தம்பி. "மற்றபடி கெட்ட பழக்கம் இல்லை" என்கிறீர்களே, அந்தப் பத்து சிகரெட்டில் புற்றுநோய் தரும் பொருள்கள் மட்டும் சுமார் 70 இருக்கின்றன. அதில் பென்சோபைரீன் என்பது ரத்தத்தில் ஏறி, உடம்பு அதை வெளியேற்றப் பார்க்கும்போதே உருமாறி டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்கிறது. நுரையீரலோடு நிற்பதில்லை, விந்தணுவிலும் அதன் தடம் அகப்படுகிறது. நாடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரிடியத்துக்குப் பயந்து, சட்டைப் பையில் இருப்பதை விட்டுவிட்டீர்கள். வேலை முடிந்து கையில் உள்ள கிரீஸைப் பெட்ரோலில் கழுவுகிறவர் என்றால் அதையும் நிறுத்துங்கள். பெட்ரோலில் பென்சீன் உண்டு, அது ரத்தப் புற்றுநோய் தரும். வெல்டிங் புகையும் 2017 முதல் புற்றுநோய் தருவதில் முதல் வகுப்புப் பட்டியலில் இருக்கிறது. வெல்டர் பக்கத்தில் நின்று குழாய் பிடிப்பவர் நீங்கள். புகை உறிஞ்சும் குழாயைப் பக்கத்தில் இழுத்து வைக்கச் சொல்லுங்கள், மாஸ்க்கைத் தாடைக்கு மாட்டாமல் மூக்குக்கு மாட்டுங்கள்.

ஒரு விந்தணு உருவாகி வர சுமார் 74 நாள். இரிடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவும் 74 நாள்தான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, ஆனால் இதைச் சொன்னால் யார்டு ஆட்கள் மறப்பதில்லை. ஊருக்குப் போவதற்கு மூன்று மாதம் முன்பே சிகரெட்டை விடுங்கள். லீவு எடுக்கும் தேதியை மனைவியின் நாள் கணக்கைக் கேட்டு முடிவு செய்யுங்கள், தீபாவளியைப் பார்த்து இல்லை.

ஃபோனைப் பேன்ட் பாக்கெட்டில் வைத்தால் விந்தணு செத்துவிடுமா? மைக்ரோவேவில் சோறு சூடாக்கினால் கேன்சரா?
— இரு நண்பர்கள், ஈசூன்

இரண்டிலும் வருவது டிஎன்ஏவை அறுக்கும் சக்தி இல்லாத அலை. மைக்ரோவேவ் சோற்றைச் சூடாக்கும், அவ்வளவுதான். ஃபோனை மேல் பாக்கெட்டில் வைத்தால் உங்களுக்கு நிம்மதி என்றால் வைத்துக்கொள்ளுங்கள், காசு செலவில்லையே.

என் கணவர் லிட்டில் இந்தியாவில் ஓர் உணவகத்தில் தந்தூர் மாஸ்டர், வயது 39. எனக்கு 34. இரண்டு தடவை கரு கலைந்துவிட்டது. இப்போது அவருக்கு விந்தணு டிஎன்ஏ உடைவுப் பரிசோதனை எடுத்து 36 சதவீதம் என்றார்கள். எண்ணிக்கை நன்றாக இருக்கிறதாம். பிறகு எப்படி? என் மாமியார் நான் வெயிட் தூக்கியதால்தான் என்கிறார்.
— ஆர்., உட்லண்ட்ஸ்

எண்ணிக்கை என்பது எத்தனை தபால்காரர்கள் கிளம்பினார்கள் என்ற கணக்கு. பைக்குள் கடிதம் முழுசாக இருக்கிறதா என்பது இந்த 36. பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் 30ஐத் தாண்டினால் அதிகம் என்பார்கள். 36 என்றால் குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை. கருத்தரிப்பது கொஞ்சம் கடினம், கலையும் வாய்ப்பு கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

விந்தணுவில் ஒரு வினோதம். மற்ற செல்கள் ஒட்டுப்போட்டுக்கொள்ளும் என்றேனே, முதிர்ந்த விந்தணுவால் அது முடியாது. டிஎன்ஏவை இறுக்கிக் கட்டி மூட்டை போட்டபிறகு ஒட்டுப்போடும் ஆட்களை எல்லாம் இறக்கிவிட்டுத்தான் கிளம்புகிறது. வழியில் கிழிந்தால் கிழிந்ததுதான். உள்ளே போனபிறகு ஒட்டுப்போடுவது உங்கள் சினைமுட்டையின் வேலை. அது முடிந்த அளவு செய்யும், வயது ஏற ஏற அந்தத் தெம்பு குறையும். ஆக, கரு கலைந்ததற்கு நீங்கள் தூக்கிய அரிசி மூட்டையைக் காரணம் சொல்ல ஓர் இடமும் இல்லை. இதை மாமியாரிடம் படித்துக் காட்டுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதே உள்சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக. தந்தூர் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது? இடுப்பு உயரத்தில். குனிந்து நான் ரொட்டியை அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அனல் எங்கே படும் என்று யோசியுங்கள். பத்து மணிநேரம், அதோடு கரிப்புகை. என் தூரத்து அண்ணன் ஒருவர் அந்த வேலையில் இருந்தார், முழங்கை வரை ரோமமே இருக்காது.

முதலாளியிடம் பேசி நாள் விட்டு நாள் வேறு அடுப்பில் நிற்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். தடித்த கான்வாஸ் ஏப்ரன், உள்ளே தளர்ந்த பருத்தி ஆடை. சிகரெட், மின்சிகரெட் இருந்தால் விட வேண்டும் (மின்சிகரெட் இங்கே சட்டப்படியும் கூடாது). விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தாரா? பார்க்கவில்லை என்றால் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் உடைவைக் கூட்டும், சரிசெய்யக்கூடியது. பரிசோதனைக்கு முன்பு காய்ச்சல் வந்திருந்ததா என்றும் யோசியுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். கடையில் விற்கும் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரைக்கு மாதம் நூறு வெள்ளி கொட்டாதீர்கள். அமெரிக்காவில் முறையாகச் சோதித்து 2020இல் வெளியிட்டதில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட டிஎன்ஏ உடைவு குறையவில்லை.

பாட்டிக்கு 71 வயது. தினமும் தேக்காவில் வெற்றிலை பாக்கு வாங்கிப் போடுகிறார். புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தானே என்கிறார். சரியா?
— கல்லூரி மாணவி, பூன் லே

இல்லை, கண்ணு. பாக்கே தனியாக வாய்ப் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் பட்டியலில் போட்டுவிட்டது. சுண்ணாம்பு சேரும்போது வாய்க்குள் டிஎன்ஏவை அரிக்கும் ஆக்சிஜன் துணுக்குகள் கிளம்புகின்றன, அடக்கிவைக்கும் கன்னத்தில் தினமும் அதே இடத்தில். வெற்றிலை தப்பில்லை. பாட்டியிடம் போய் "கூடாது" என்று நின்றால் வேலைக்கு ஆகாது, நான் என் அம்மாவிடம் தோற்றிருக்கிறேன். வெற்றிலையில் சோம்பு, ஏலக்காய், கொஞ்சம் தேங்காய்த் துருவல் வைத்து மடித்துக் கொடு. வாயை ஆவென்று திறக்கச் சொல்லி மூன்று விரல் நுழைகிறதா பார். நுழையவில்லை என்றாலோ, வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலோ பலதுறை மருந்தகத்துப் பல் டாக்டரிடம் உடனே காட்டு.

என் மகனுக்கு 20 வயது, தேசிய சேவையில் இருக்கிறான். நிணநீர்ப் புற்றுநோய் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அடுத்த வாரம் கீமோ. அதற்கு முன் விந்தணுவை எடுத்து உறையவைக்கலாம் என்று டாக்டர் அவன் முன்னாலேயே சொன்னார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. பிள்ளை பிழைத்தால் போதும், இதெல்லாம் இப்போது எதற்கு?
— ஒரு தாய், ஹவ்காங்

இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே இவரை ஃபோனில் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். இன்னொரு தாய் இதே இடத்தில் நிற்கலாம் என்பதால் அவர் சம்மதத்தோடு இங்கேயும் எழுதுகிறேன்.

கீமோ மருந்துகளின் பூர்வீகம் போர்க்களத்து விஷவாயு. கடுகு வாயுவின் உறவுக்கார மருந்தைத்தான் 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முதல் தடவையாக ஒரு நிணநீர்ப் புற்றுநோயாளிக்கு ஊசியில் ஏற்றினார்கள். அந்தக் குடும்பத்து மருந்துகள் டிஎன்ஏவின் இரண்டு இழையையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடும், செல் பிரிய முடியாமல் சாகும். புற்றுநோயைத் தந்த அதே வழியில் போய்த்தான் மருந்து அதைக் கொல்கிறது. வேகமாகப் பிரியும் செல் எதுவானாலும் அடி விழும். முடி, வாயின் உள்தோல், விந்தணு. முடி திரும்ப வரும். விந்தணு சிலருக்கு வரும், சிலருக்கு வராது. எந்த மருந்து, எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

1983இல் எங்கள் வார்டில் இதே நோயோடு 19 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அந்தக் காலத்து மருந்துக் கூட்டு மிகக் கடுமை, அதை வாங்கிய ஆண்களில் பெரும்பாலோருக்குப் பிறகு விந்தணு இருக்காது. எங்களில் யாரும் அவனிடம் வாய் திறக்கவில்லை. கூச்சம்தான், வேறென்ன. 2001இல் பட்டறைக்குப் புதிதாக வந்த சேஃப்டி சூப்பர்வைசர் மருந்தகத்துக்குள் நுழைந்து என்னை உற்றுப் பார்த்தார். அவனேதான். நல்ல ஆரோக்கியம், கல்யாணமாகி ஒன்பது வருஷம். எழுந்து போகும்போது கதவுப் பிடியில் கை வைத்தபடி, "அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மிஸ்ஸி" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்த வார்டில் நாங்களே அந்த மருந்துகளைத் திறந்த மேஜையில் கலந்தோம். கையுறை சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. ஊசி இழுக்கும்போது மெல்லிய தூறல் மூக்கில் படும், பக்கத்தில் எங்கள் மைலோ கோப்பை. இந்த மருந்தைக் கையாளும் தாதியரின் சிறுநீரில் மரபணுவை மாற்றும் பொருள் இருக்கிறது என்று 1979லேயே பின்லாந்தில் கண்டு எழுதியிருந்தார்கள். 1985இல் அதே நாட்டுத் தாதியரிடையே கருச்சிதைவு அதிகம் என்றும் வந்தது. எங்கள் மேஜைக்கு அந்தச் செய்தி வந்துசேர நாளாயிற்று. எனக்கு 1984இல் ஒரு கரு கலைந்தது. இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. இப்போது தனி அறை, காற்றை உறிஞ்சும் கண்ணாடிப் பெட்டி, இரட்டைக் கையுறை என்று எல்லாம் இருக்கிறது. இன்று ஆன்காலஜியில் இருக்கும் பெண்கள் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே, முடிந்தால் திட்டமிடும்போதே, மேலாளரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்தத் தாய் ஃபோனில் இன்னொன்றும் கேட்டார்: கீமோவுக்கு அப்புறம் பிறக்கும் பிள்ளைக்கு ஊனம் வருமோ? சிகிச்சை முடிந்து டாக்டர் சொல்லும் காலம் வரை கரு தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன்பிறகு, பிழைத்து வந்தவர்களின் பிள்ளைகளிடம் பிறவிக் குறை கூடுதலாகத் தென்படவில்லை. ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டுக்குத் தப்பியவர்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளைப் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து பார்க்கிறார்கள், அவர்களிடமும் அப்படி எதுவும் புலப்படவில்லை. ஆனால் உறையவைப்பதை முதல் ஊசிக்கு முன்னால் செய்தாக வேண்டும். ஊசி ஏறியபிறகு எடுப்பதில் அறுந்த இழைகள் கலந்துவிடும். ஒன்றிரண்டு நாள் போதும், கீமோ தள்ளிப்போகாது. மகள்களுக்கும் சினைமுட்டையை எடுத்துவைக்க வழி இருக்கிறது, அதற்கு இரண்டு வாரம் போல ஆகும். அதனால் நோய் தெரிந்த உடனேயே கேட்க வேண்டும்.

போன வியாழக்கிழமை அவரே கூப்பிட்டார். பையன் இரண்டு தடவை போய்க் கொடுத்துவிட்டு வந்தானாம். "நீங்கள் கூட வராதீர்கள்மா" என்று அவன் சொல்ல, இவர் கீழே உணவங்காடியில் உட்கார்ந்து ஒரு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கி, ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். முதல் கீமோ முடிந்துவிட்டது. வாய்ப்புண் வந்திருக்கிறது, என்ன கொடுக்கலாம் என்று கேட்டார். மோர்சோறு, காரமில்லாமல், ஆறவைத்து.